பாரான் வாய் மூடிய நாள்

அந்தக் காலத்தில், கல்லுக்கும் மணலுக்கும்கூட வாய் இருந்தபோது, பாரான் வனாந்தரத்தைப் போல ஒரு வாயாடி உலகத்திலேயே கிடையாது. சூரைச் செடி பேசும், காற்று பேசும், கூழாங்கல் பேசும். கவுதாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதற்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கர்த்தர் பூமிக்குப் பங்கு பிரித்தபோது லீபனோனுக்குக் கேதுரு மரங்களைக் கொடுத்தார், சாரோனுக்குப் பூக்களைக் கொடுத்தார், யோர்தான் கரைக்குத் தண்ணீரைக் கொடுத்தார். கடைசியில் பாரான் வந்து நின்றபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை. பாவம், அதன் முகம் வாடிப்போயிற்று.

"சரி, உனக்குப் பேச்சைத் தருகிறேன்" என்றார் கர்த்தர். "உன்னிடத்தில் உள்ள எல்லாமே பேசட்டும். ஆனால் ஒன்று. ஒருவராவது பேசிக்கொண்டிருக்கும் வரைதான் இது உன்னுடையது. எல்லாரும் ஒருசேர வாய் மூடினால் அத்தோடு போயிற்று. திரும்பக் கிடைக்காது."

பாரானாவது வாய் மூடுவதாவது! இருக்கிற ஒரே சொத்தை யார் விடுவார்கள்? எல்லாரும் தூங்கும்போதும் ஏதாவது ஒரு கல் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும்.

அங்கே கூடாரம் போட்டு ஆடு மேய்த்தாள் எப்சிபாள். கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். ஐந்து வயது மகள் திர்சாள்தான் அவளுக்கு எல்லாம். கூடாரத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே ஒன்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வழி தவறினால் அலையாதே, உட்கார்ந்துவிடு. கத்தாதே, தொண்டை வறண்டுபோகும். இரண்டு கல்லை எடுத்து மும்மூன்றாகத் தட்டு, அம்மா வந்துவிடுவேன். எப்சிபாளும் திர்சாளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் திர்சாள் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடினாள். அந்நேரம் பார்த்துப் புழுதிக்காற்று அடித்தது. காற்று ஓய்ந்தபோது குட்டி மட்டும் திரும்பி வந்தது, பிள்ளையைக் காணவில்லை.

எப்சிபாள் பதறியடித்து ஓடினாள். ஒரு மேட்டில் ஏறி, "திர்சா!" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். கல் சத்தம் கேட்க வேண்டுமே!

கேட்டதெல்லாம் பாரானின் பேச்சுதான். பிள்ளைக்குப் பக்கத்தில் கிடந்த பாறை, "இங்கே இருக்கிறாள்!" என்று கத்தியது உண்மைதான். அதைக் கேட்ட அடுத்த பாறையும், "இங்கே இருக்கிறாள்!" என்று கத்தியது. கவுதாரி அதை வாங்கிக்கொண்டது, காகம் வாங்கிக்கொண்டது, நல்ல மனதோடு எல்லாருமே வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் நாலு திசையிலிருந்தும் "இங்கே, இங்கே" என்ற இரைச்சல்தான். எப்சிபாள் கிழக்கே ஓடினாள், மேற்கே ஓடினாள். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. காலையில் குடித்த ஒரு வாய்த் தண்ணீரில் பிள்ளை எவ்வளவு நேரம் தாங்கும்?

அவள் ஒரு கிழட்டுச் சூரைச் செடியின் அடியில் விழுந்தாள். "உங்கள் காலைப் பிடிக்கிறேன். ஒரு நொடி சும்மா இருங்களேன். என் பிள்ளை கல்லைத் தட்டிக்கொண்டிருப்பாள், எனக்குக் கேட்கவில்லையே!"

"சும்மா இருந்தால் எங்கள் கதி என்ன, தெரியுமா?" என்று கேட்டது கவுதாரி.

"தெரியும்" என்றாள் எப்சிபாள். அதற்கு மேல் அவளுக்கு அழுகைதான் வந்தது.

சூரைச் செடி அவள் மேல் தன் நிழலைச் சாய்த்தது. பிறகு, "நாம் ஆயிரம் வருஷம் பேசியாயிற்று. அந்தக் குழந்தை இன்னும் நாலு வார்த்தை சரியாகப் பேசவில்லை. போதும், விடுங்கள்" என்றது.

அதுதான் பாரான் பேசிய கடைசிப் பேச்சு. காற்று நின்றது. காகம் அலகை மூடியது. வாயாடிக் கவுதாரியும், மனம் வராமல்தான், வாயை மூடிக்கொண்டது. அட, என்ன மனசு அவர்களுக்கு! தங்களிடம் இருந்த ஒன்றே ஒன்றை ஓர் இடைச்சியின் பிள்ளைக்காகக் கொடுத்துவிட்டார்களே!

டக், டக், டக்.

தெற்கே, ஒரு வறண்ட ஓடையின் வளைவில். எப்சிபாள் பறந்தாள். உதடு வெடித்துக் கிடந்த திர்சாள் கையிலிருந்த கல்லை இன்னும் விடவில்லை. தோல்பையிலிருந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றியதும் கண் திறந்து, "ஏன்மா இவ்வளவு நேரம்?" என்றாள்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எப்சிபாள் நன்றி சொல்லத் திரும்பி வந்தாள். சூரைச் செடியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. பாறைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொல் இல்லை.

"ஆண்டவரே, இது நியாயமா?" என்று விம்மினாள். "அவர்களுடைய பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிடும். வேண்டுமானால் என் பேச்சை எடுத்துக்கொள்ளும்."

அப்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. உறங்கும் பிள்ளையின் மூச்சை விட மெல்லிய குரல் அது.

"எப்சிபாளே, நான் சந்தைகளில் பேசிப் பார்த்தேன், அரண்மனைகளில் பேசிப் பார்த்தேன். எங்கும் இரைச்சல், என் சத்தம் யார் காதிலும் விழவில்லை. ஒரு பிள்ளையின் கல் சத்தம் கேட்கும்படி இவர்கள் தங்களையே கொடுத்தார்கள். இவர்களிடத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். இனி நான் இங்கேயே பேசுகிறேன்."

எப்சிபாள் செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுமணலில் வெறுங்காலோடு நின்றாள்.

அன்று முதல்தான் வனாந்தரம் பேசுவதில்லை. ராஜாவோ ஆட்டிடையனோ, யாரோடு மனம் விட்டுப் பேச நினைத்தாலும் கர்த்தர் அவரை முதலில் அங்கேதான் அழைத்துக்கொண்டு போகிறார்.