புள்ளியம்மை இழுத்த இழை

செம்போத்து டீச்சர் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார். மொத்தம் முப்பது பிள்ளைகள். அதில் ஒன்றுகூடப் பள்ளிக்கு வந்ததில்லை. இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்த வருஷம் செந்நாய்க் கூட்டம் ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்து காட்டையே கதிகலங்க வைத்தது. பெற்றவர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளை வெளியே விடவில்லை. படிப்பு கெட்டுப்போகிறதே என்று டீச்சருக்கு ஒரே கவலை. அப்போது எட்டுக்காலன் என்ற சிலந்தி ஒரு யோசனை சொன்னான். டீச்சர் உட்காரும் புங்கமரத்திலிருந்து ஒவ்வொரு வளைக்கும், ஒவ்வொரு பொந்துக்கும் ஓர் இழை கட்டலாம் என்றான். சொன்னபடியே கட்டியும் கொடுத்தான். நல்ல முறுக்கேறிய, உறுதியான இழை. அதன் நுனியைப் பிள்ளையின் முன்னங்காலில் கட்டிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு காய்ந்த இலை தொங்கும். டீச்சர் புங்கமரத்தில் பேசினால் இங்கே இலை அதிர்ந்து பேசும்.

ஆனால் பிள்ளைகள் பேசுவது அங்கே போகாது. இழுப்பது மட்டும்தான் போகும். பேர் கூப்பிட்டால் ஒரு முறை இழுக்க வேண்டும். வந்தாச்சு என்று அர்த்தம்.

வெறும் பாடமே நடத்தினால் பிள்ளைகள் தூங்கிவிடும் என்று டீச்சர் மன்றங்களும் ஆரம்பித்தார். பாட்டு மன்றத்தில் டீச்சர் பாடுவார், பிள்ளைகள் தாளத்துக்கு இழுக்கும். விடுகதை மன்றத்தில் மூன்று விடை சொல்வார், எத்தனையாவது சரியோ அத்தனை முறை இழுக்க வேண்டும். தாவல் மன்றத்தில் எத்தனை அடி தாவினார்களோ அத்தனை இழுப்பு. யார் போய் அளந்து பார்த்தது? ஆமைக்குட்டி ஒருநாள் ஒன்பது அடி தாவியதாக இழுத்துவிட்டது. அதற்கும் பாராட்டுக் கிடைத்தது. பாராட்டுவது எப்படி? அதுவும் இழுத்துத்தான். டீச்சர் "இழுங்க" என்றால் முப்பது இழையும் ஆடும்.

எல்லா இழுப்பையும் எட்டுக்காலன் மரப்பட்டையில் கீறி வைப்பான். பௌர்ணமியன்று யாருக்குக் கீறல் அதிகமோ அந்தப் பிள்ளைதான் அந்த மாதத்தின் நட்சத்திர மாணவர். பரிசு ஒரு குன்றிமணி. அந்த ஒரு சிவப்பு மணிக்காகப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

செந்நாய்கள் எப்போதோ போய்விட்டன. ஆனாலும் யாரும் இழையை அவிழ்க்கவில்லை. மழையில் நனைய வேண்டாம், முள்ளில் நடக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே படிப்பு, இருந்த இடத்திலேயே பரிசு. எல்லோருக்கும் அது பழகிப்போய்விட்டது. கூடப் படிக்கிறவர்களின் பேர் எல்லோருக்கும் தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது.

ஓடைக்கு இந்தப் பக்கம் நாவல் மரத்தில் வரியாள் என்ற அணில் இருந்தாள். கெட்டிக்காரி. தொடர்ந்து மூன்று பௌர்ணமி அவள்தான் நட்சத்திர மாணவி. மூன்று குன்றிமணியையும் அவள் அம்மா பொந்து வாசலிலேயே வைத்திருந்தாள். அந்த வழியாகப் போகிற காக்கை, மைனாவைக்கூட விடமாட்டாள். நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். நாலாவது மணியும் நமக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள். வரியாளுக்கு அதனால் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய கட்டையின் அடியில் புள்ளியம்மை இருந்தாள். சருகுமான் குட்டி. முயல் அளவுதான் இருப்பாள். அவள் அம்மாவைச் செந்நாய்கள் கொண்டுபோய்விட்டன. அதிலிருந்து அவள் தனிதான். சருகுமானுக்குச் சத்தம் போடவும் வராது. மூச்சுப் போலத்தான் குரல் வரும். தினம் காலையில் அந்தக் காய்ந்த இலை "புள்ளியம்மை" என்று கூப்பிடும்போது அவளுடைய இரண்டு காதும் நிமிரும். அந்தக் காட்டில் அவள் பேரைச் சொல்ல வேறு யாரும் இல்லை. அவள் மெதுவாக ஒரே ஒரு இழுப்பு இழுப்பாள். அதற்குமேல் இழுக்க மாட்டாள். குன்றிமணி மேல் அவளுக்கு ஆசையும் கிடையாது.

பௌர்ணமிக்கு நாலு நாள் இருந்தபோது சாயங்காலம் பேய்க்காற்று அடித்தது. ஓடைக்கரை மருதமரத்தின் கிளை ஒன்று முறிந்து புள்ளியம்மையின் பின்னங்கால்கள் மேலேயே விழுந்தது. அவள் எவ்வளவோ இழுத்துப் பார்த்தாள். கால் வரவில்லை. கத்திப் பார்த்தாள். பக்கத்துப் புல்லுக்குக்கூட அது கேட்டிருக்காது.

விடிந்ததும் இலை பேர் சொல்லிக் கூப்பிட்டது. புள்ளியம்மைக்கு உயிர் வந்தது. இழையை ஒரு முறை இழுத்தாள். பிறகு மறுபடி இழுத்தாள். விடாமல் இழுத்தாள். யாராவது இது என்ன என்று பார்க்க வருவார்கள் என்று நம்பினாள். பாவம், குழந்தைதானே.

புங்கமரத்தில் எட்டுக்காலன் கீறிக் கீறிக் கை ஓய்ந்துபோனான். "நாற்பது இழுப்பு, டீச்சர்" என்றான்.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு இழுப்புக்குமேல் இழுக்காத பிள்ளைக்கு இன்றைக்கு எவ்வளவு உற்சாகம் பாருங்கள் என்று வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். வெட்கப்படுகிற பிள்ளைகள் எல்லாம் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எல்லோரும் அவளுக்காக ஒருமுறை இழுக்கும்படி சொன்னார். இருபத்தொன்பது பிள்ளைகளும் இழுத்தன.

வரியாளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டுப் பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது கிளம்பியிருக்கிறாளே என்று பொருமினாள். அன்றைக்கு அவளும் நாற்பத்தைந்து முறை இழுத்தாள்.

மறுநாள் புள்ளியம்மை எழுபது முறை இழுத்தாள். காலில் தோல் உரிந்து இழையில் ரத்தம் ஏறியது. பள்ளி முடிந்த பிறகும் இழுத்தாள். அவள் இழையும் வரியாளின் இழையும் ஒரே கிளையைச் சுற்றித்தான் போகும். அதனால் அந்த இழுப்பு ஒவ்வொன்றும் வரியாளின் காலில் வந்து இடித்தது. இரண்டு இழையும் இப்படி உரசுவதை டீச்சரே அறிந்ததில்லை. காட்டிலேயே அது தெரிந்தவள் வரியாள் ஒருத்திதான்.

அவள் என்ன செய்தாள்? பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் இழுத்தாள். மறுபக்கம் மூன்று முறை வந்தால் இவள் நாலு முறை இழுத்தாள். புள்ளியம்மைக்கோ தன் இழுப்புக்கு யாரோ பதில் கொடுப்பது போல இருந்தது. உதவி வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து, மிச்சம் இருந்த பலத்தையும் போட்டு இழுத்தாள்.

மூன்றாம் நாள் பன்னிரண்டு இழுப்புதான் வந்தது. அதுவும் மெதுவாக வந்தது. எதிராளி களைத்துவிட்டாள் என்று வரியாள் துள்ளிக் குதித்தாள். அம்மாவிடம் போய்ச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நாலாம் நாள் பௌர்ணமி. புள்ளியம்மையின் இழையில் ஓர் அசைவும் இல்லை. ஆனால் அது தொய்யவும் இல்லை. அவள் சரிந்து விழுந்தபோது இழை அந்த மருதக்கிளையில் சிக்கி விறைத்து நின்றுவிட்டது. டீச்சர் அதைப் பார்த்தார். மற்ற இழைகள் எல்லாம் நெளிந்துகொண்டிருக்க, அது மட்டும் ஒரே நேராக நின்றது. ஆடாமல் அசையாமல் பாடம் கேட்கிற பிள்ளை என்றால் இதுதான் என்று வகுப்புக்கே சொல்லி உருகிப்போனார்.

எட்டுக்காலன் கீறல்களை எண்ணினான். பின்னேரத்தில் வந்த இழுப்புகளையும், வரியாள் தூங்கிய பிறகு ராத்திரியெல்லாம் வந்த இழுப்புகளையும் அவன் ஒன்று விடாமல் கீறி வைத்திருந்தான். வரியாளைவிட ஆறு கீறல் கூடுதல்.

"இந்த மாத நட்சத்திர மாணவி, புள்ளியம்மை!" என்று முப்பது இலைகளும் பேசின.

வரியாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இழை இப்படி விறைத்து நிற்கிறது என்றால் அவள் அதை ஏதோ ஒரு கட்டையில் கட்டிவிட்டு ஊர் சுற்றப் போயிருக்கிறாள். இதுவரை வந்த இழுப்பெல்லாம் என்ன தில்லுமுல்லோ. கையும் களவுமாகப் பிடித்து டீச்சரிடம் சொல்கிறேன் என்று இழையைக் காலிலிருந்து அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் தரையில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

அந்த இழை போகிற வழியிலேயே போனாள். ஓடையைத் தாண்டக் கால் வைக்க இரண்டு கல்தான். எண்ணி நூறு தாவல் இருக்கும். அவ்வளவு பக்கம்.

கட்டை அடியில் வந்து பார்த்தாள். முதலில் கிளை தெரிந்தது. பிறகு புள்ளிகள் தெரிந்தன. வரியாளின் வாயில் தயாராக இருந்த திட்டெல்லாம் அப்படியே நின்றுபோயிற்று.

புள்ளியம்மை கண்ணைத் திறந்தாள்.

"யாரு?"

"வரியாள். உன் வகுப்புதான்."

"நான் இழுத்தது யாருக்கும் தெரியலையா?"

வரியாள் பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபின் அவளுக்குப் பொய் வரவில்லை.

"தெரிஞ்சுது. எல்லாருக்கும் தெரிஞ்சுது."

புள்ளியம்மை வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அது வரியாளை அறைந்ததைவிட மோசமாக இருந்தது.

அணில் எவ்வளவு தள்ளினால் கிளை நகரும்? அவள் தள்ளினாள், கடித்தாள், நகத்தால் பிறாண்டினாள். முடியவில்லை. பதறிப்போய்ப் புள்ளியம்மையின் இழையைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுத்தாள். யாராவது வாங்களேன் என்று அழுதுகொண்டே இழுத்தாள்.

பக்கத்தில் தொங்கிய இலை அதிர்ந்தது.

"பரிசு கிடைத்த சந்தோஷத்தில் புள்ளியம்மை எப்படி இழுக்கிறாள் பாருங்கள், பிள்ளைகளே! எல்லோரும் அவளுக்காக இழுங்கள்!"

காடெங்கும் பிள்ளைகள் இழுத்தன. எல்லா இழையும் அந்தப் புங்கமரத்தில்தானே கூடுகிறது? அத்தனை பாராட்டும் மரத்தை உலுக்கிக்கொண்டு வந்து, தோல் உரிந்த அந்தச் சின்னக் காலை வெட்டி வெட்டி இழுத்தது. புள்ளியம்மை வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். வரியாள் இழையைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு ஓடினாள்.

புங்கமரத்தடியில் வந்து விழுந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. "புள்ளியம்மை சந்தோஷத்துல இழுக்கலை டீச்சர், அது சாகுது. வாங்க" என்றாள். டீச்சர் ஒரு கணம் புரியாமல் விழித்தார். பிறகு விஷயம் புரிந்து பறந்தார். டீச்சர் வழியில் கூப்பிட்ட காட்டுப்பன்றிகள் இரண்டு ஓடிவந்து கிளையைப் புரட்டின. ஒரே முட்டில் அது புரண்டுவிட்டது. அவ்வளவு சுலபமான வேலை அது. நாலு நாளாக யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

புள்ளியம்மைக்கு மூச்சு இல்லை.

எட்டுக்காலன் பரிசைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தான். குன்றிமணியை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. டீச்சர் தரையில் உட்கார்ந்து அழுதார். தான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மறுநாள் காலை டீச்சர் பழக்கத்தில் பேர் வாசித்தார். புள்ளியம்மை என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றது. அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. எட்டுக்காலன் தானே போய் மரப்பட்டையில் இருந்த கீறல்களை எல்லாம் தேய்த்து அழித்தான். அழியாத ஆழமான கீறல்கள் கொஞ்சம் இருந்தன. அவை இன்றும் இருக்கின்றன.

வரியாள் தன் மூன்று குன்றிமணியையும் ஓடையில் போட்டாள். அதன் பிறகு தினமும் விடிந்ததும் வரியாள் இறங்கிப் போவாள். வளை வளையாக, பொந்து பொந்தாக எட்டிப் பார்ப்பாள். இருபத்தெட்டு வாசல். ஒவ்வொரு வாசலிலும் "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். பதில் வந்த பிறகுதான் அடுத்த வாசலுக்குப் போவாள். கடைசியில் ஓடையைத் தாண்டி அந்தக் கட்டை அடிக்கும் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவாள். அங்கே கேட்க யாரும் இல்லை.

தூர இருந்து நூறு முறை பாராட்டுவதைவிட, பக்கத்தில் போய் ஒரு முறை எப்படி இருக்கிறாய் என்று கேட்பதே பெரிது.