உக்கிரம் யாருக்குச் சொந்தம்

கூத்தலூர் ஜமீன்தாருக்கு உக்கிரம் என்ற சொல்லின் மேல் கொள்ளை ஆசை. தினமும் காலையில் அரண்மனை ஆட்கள் அந்தச் சொல்லை வைத்து அவரைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். "எசமான் பார்வை உக்கிரம்" என்பான் ஒருவன். "எசமான் மீசை அதைவிட உக்கிரம்" என்பான் இன்னொருவன். மீசை எப்படி உக்கிரமாகும் என்று கேட்க யாருக்குத் தைரியம்? வேறு எதற்காவது அந்தச் சொல்லைச் சொன்னால் சவுக்கடி.

சித்திரைத் தேரோட்டம் வந்தது. ஜமீன்தார் செருப்பில்லாமல் தேருக்கு முன்னால் நடக்க வேண்டும், தேர் நிலைக்கு வரும்வரை விலகக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவருக்குக் குடை பிடித்து வந்த வெள்ளையப்பன் வாய் தவறி, "வெயில் உக்கிரமா இருக்கு" என்று சொல்லிவிட்டான்.

ஜமீன்தார் திரும்பினார். "தேர் நிலைக்கு வரட்டும், உன் முதுகுத் தோலை உரிக்கிறேன். வெயிலுக்கு ஏதுடா உக்கிரம்?"

"இல்லைதானுங்க எசமான்" என்ற வெள்ளையப்பன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "உக்கிரமில்லாத வெயிலுக்குக் குடை எதுக்குங்க?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் ஜமீன்தார் வீறாப்பாக நடந்தார். தெற்கு வீதி திரும்புவதற்குள் வழுக்கைத் தலை கொதித்தது. மேற்கு வீதியில் தேர் அசையாமல் நின்றுவிட்டது. அவர் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்.

"குடையை விரிடா!"

"எதுக்குங்க எசமான்?"

"வெயில் உக்கிரம்டா, பாவி!"

வடம் பிடித்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வெள்ளையப்பன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பணிவாகக் கேட்டான்:

"சவுக்கடி முதல்ல யாருக்குங்க எசமான்?"