சிக்னலில் அடித்த மூன்று கோல்

திருப்பூரில் தண்டபாணி என்றொரு பனியன் கம்பெனி முதலாளி. ஃபுட்பால் பார்க்கவே மாட்டார். டிரைவர் அருளப்பன் போனில் பேசுவதைக் கேட்டுத்தான் யார் கோல் அடித்தார்கள் என்றே தெரிந்துகொள்வார். ஆனாலும் கம்பெனிக்குள் ஃபேன்டசி லீக் நடத்துவார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பதினோரு பேரை எழுதி, சனிக்கிழமையே கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஞாயிறு ஆட்டத்தில் யாருடைய ஆட்கள் அதிக கோல் அடிக்கிறார்களோ அவருக்கு வெற்றி. கவர்களைப் பிரிப்பது திங்கட்கிழமை. முதலாளியிடம் தோற்றவர்களுக்குப் பொங்கல் லீவு கிடையாது. சேர மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. இரண்டு வருஷமாக ஒருத்தரும் ஊருக்குப் போகவில்லை. அந்த மனுஷன் தோற்றால்தானே!

இந்தச் சனிக்கிழமை அருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. "எல்லார் கவரும் பீரோவுல இருக்குது. உங்க கவர் மட்டும் ஏனுங்க சட்டைப் பையில?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"என்னையவே திருடன்கிறயா? திங்கக்கிழமைக்குள்ள நிரூபி. இல்லீன்னா கார் சாவிய வெச்சுட்டு நடையக் கட்டு!"

திங்கள் காலை, சிக்னலில் கார் நின்றது. அருளப்பன் போனைக் காதில் வைத்து, "என்னது, கொர்வால்டோ ஒருத்தனே மூணு கோலா?" என்றான். பின்சீட்டில் முதலாளி பேனா திறக்கும் சத்தமும், பிறகு கவர் ஒட்டும் சத்தமும் கேட்டன.

கம்பெனியில் முதலாளி கவரைக் கிழித்துக் காட்டினார். "பாருங்கடா! கொர்வால்டோ! மூணு கோல்! சனிக்கிழமையே எழுதி வெச்சேன்!"

"அப்படி ஒரு ஆட்டக்காரனே இல்லீங்க," என்றான் அருளப்பன். "காலையில சிக்னல்ல நாந்தானுங்க அவனுக்குப் பேரு வெச்சேன். மூணு கோலும் நாந்தான் அடிச்சேன். அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க. எல்லாரும் லீவு லெட்டர் எழுதோணும்."