போறியா, வாரியா?

முன்னொரு காலத்திலே, ஆடு மாடுகூடப் பேசிப் பழகிய காலத்திலே, ஒருகேணி என்று ஓர் ஊர் இருந்தது. அதற்காக இரண்டு ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஆளுக்குப் பாதி என்றானது. ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராஜாக்கள் எங்கே கேட்டார்கள்?

அவர்கள் அனுப்பிய மந்திரவாதி ஒருவன் வந்து, எல்லையாகத் தெரு நடுவே ஒரு கயிற்றைப் போட்டான். கயிறு பாம்பாகிப் படுத்தது. கடக்க வருகிறவர்களை அது ஒரே கேள்வி கேட்கும்: "போறியா, வாரியா?"

"வாரேன்" என்றால் சீறித் துரத்தும். "போறேன்" என்றால் வழிவிடும். ஆனால், போனவன் போனவன்தான் என்று திரும்பவே விடாது. ஆட்டைத் தேடிப் போன பலவேசம் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். அவர் அந்தப் பக்கம், பெண்டாட்டி இந்தப் பக்கம். பார்த்துப் பார்த்து அழுதார்கள்.

இந்தப் பக்கம் வெயிலாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் தங்கை வடிவு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஒருநாள் காலையில் வடிவுக்குப் பேறுகால வலி எடுத்தது. தாயில்லாப் பிள்ளைகள், வடிவுக்கு அக்காதான் தாய். "அக்கா, அக்கா" என்ற சத்தம் தெருவெல்லாம் கேட்டது. வெயிலாள் வாசலுக்கு ஓடிவந்தாள். போனால் தன் மகளை இழக்க வேண்டும். போகாவிட்டால் தங்கை என்ன ஆவாளோ.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு போய் நின்றாள். பாம்பு தலையைத் தூக்கியது.

"போறியா, வாரியா?"

அவள் வாய் திறக்குமுன் மகள் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, போகாத."

வெயிலாள் பாம்பை மறந்து குனிந்தாள். "அழாத கண்ணு. அம்மா போயிட்டு வாரேன்."

பாம்பு திகைத்தது. வழிவிடத் தலை ஒரு பக்கம் போயிற்று. துரத்த வால் மறுபக்கம் வந்தது. நடுவில் ஒரு முடிச்சு விழுந்தது.

"இது என்ன பேச்சு? போறதா, வாரதா?"

"எங்க ஊர்ல வெறுமனே போறேன்னு யாரும் சொல்ல மாட்டோம். உனக்குப் பயந்து, நீ கேட்ட மாதிரியே பதில் சொல்லிக் கெட்டுப்போனோம்" என்று சொல்லி வெயிலாள் முடிச்சைத் தாண்டி நடந்தாள்.

சாயங்காலம், பிறந்த பிள்ளையைக் கொஞ்சிவிட்டுத் தங்கையிடமும் "போயிட்டு வாரேன்" என்றாள். அதைக் கேட்ட பாம்புக்கு இரண்டாம் முடிச்சு விழுந்தது; அவள் தாண்டி மகளிடம் வந்தாள். பார்த்துக்கொண்டிருந்த பலவேசம் நெற்றியில் அடித்துக்கொண்டார். தமக்குச் சோறு போட்ட வீட்டாரைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்றார். மூன்றாம் முடிச்சில் பாம்பு பழைய கயிறாகிக் கிடந்தது.

அந்தக் கயிற்றில்தான் வடிவு பிள்ளைக்குத் தொட்டில் கட்டினாள். எல்லை எங்கே என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் ஊரார் தொட்டிலைத்தான் காட்டுவார்கள்.

சொன்ன நான் இந்தப் பக்கம், கேட்ட நீங்கள் அந்தப் பக்கம். போயிட்டு வாரேன்.