முன்வாசல்

"இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாதுங்கம்மா" என்றான் மாறப்பன்.

ஆறு மாதத்துக்கு முன் ராஜாவை விரட்டிவிட்டு நாட்டை ஆள வந்தவன் அவன். அவனுடைய குரு பூவாத்தாவுக்கும் அவன் வயதுதான். அவர் கூடை பின்னும் நேரமாகப் பார்த்து வந்திருந்தான்.

"என்ன பண்ணுனாங்க?"

"யாரும் யாருக்கும் குனியக் கூடாதுன்னு முதல் நாளே தண்டோரா போட்டேன். இன்னமும் சபைக்குள்ள வர்றவன் எல்லாம் குனிஞ்சுதான் வர்றான். ரத்தத்துல ஊறிப்போச்சு."

"உனக்கு எப்படி இருக்குது?"

"முதல்ல சங்கடமா இருந்துச்சு. இப்பப் பழகிப்போச்சுங்க."

பூவாத்தா அடுத்த பிரம்பை எடுத்துக் கூடையில் பின்னினார்.

"செங்கோடனுக்காகத்தான் வந்தேன். என் தோளோட தோள் நின்னு சண்டை போட்டவன். நேத்து கடப்பாரையோட சபை வாசலுக்கு வந்துட்டான். என்னைக் கொல்லத்தான். நாளைக்கு மத்தியானம் தூக்கு. மனசு கேக்கலைங்க."

"கொல்ல வந்தேன்னு அவன் சொன்னானா?"

"ஆயுதத்தோட பிடிபட்டவனைப் பேச விடறதில்லைங்க. அது ராஜா காலத்துச் சட்டம்."

"நீ மாத்தலையா?"

"நேரம் கிடைக்கலைங்க."

மறுநாள் காலை பூவாத்தா சபைக்கு வந்தார். இடுப்பு வளையக் குனிந்து உள்ளே வந்தார்.

மாறப்பன் பதறி எழுந்தான். "நீங்களுமா? என்னைப் போய்க் கும்பிடலாமுங்களா?"

"உன்னை யாரு கும்பிட்டா? என் தலை தப்பிச்சா போதும்."

அவர் திரும்பி வாசலைக் காட்டினார். அதன் உயரம் ஓர் ஆளின் நெஞ்சளவுதான். ராஜாவின் பாட்டன் கட்டியது.

"நீ எந்த வாசல்ல வர்றே?"

"பின்வாசல்லங்க. ராஜாவைத் துரத்திக்கிட்டு அது வழியாத்தான் முதல்ல நுழைஞ்சேன். அப்படியே..."

அவன் பேச்சு நின்றது. வாசலுக்கு மேலே சுவரில் இரண்டு கல் பெயர்ந்திருந்தது. கடப்பாரை பட்ட தடம், புதுசு.

மாறப்பன் ஓடினான். முன்வாசல் வழியாகவே ஓடினான். குனிந்தது போதாமல் நெற்றியில் கல் இடித்து ரத்தம் வழிந்தது. நிற்காமல் சிறைக்குப் போய்க் கதவைத் திறந்தான்.

செங்கோடன் அந்த நெற்றியைப் பார்த்தான்.

"இப்பத்தான் அந்த வாசல் பக்கம் வந்தியாக்கும்?" என்றான்.