முறைப்படி மூன்று விபத்துகள்

மயூரா கார்டன்காரர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. சொன்னால் உடனே சங்கத்தைக் கூட்டுவார்கள், அது சரியா தவறா என்று கை தூக்கச் சொல்வார்கள், பெரும்பான்மை எப்படி வருகிறதோ அப்படியே ஒத்துக்கொள்வார்கள். இதுவரை மூன்று முறை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நான் அந்த வார்த்தையைச் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கோயம்புத்தூர் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் மறுபடியும் ஆரம்பிக்கிற குடியிருப்பு அது. நூற்றுப் பத்து வீடுகள். அங்கிருந்து மெயின் ரோட்டுக்குப் போக நாலு ரோடு முக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த முக்கில் நான்கு பக்கமிருந்தும் வண்டி வரும். ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேர் நின்றுவிடுவார்கள் என்று நம்பி வருவார்கள். தினமும் யாராவது மோதி விழுவார்கள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, எதிராளியின் வண்டியையும் தூக்கி நிறுத்தி, "பாத்து வரக்கூடாதுங்களா" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சங்கத்தின் செயலாளர் சென்னியப்பனுக்கு மட்டும் அந்த முக்கை நினைத்தாலே பயம். காரணம் அவர் மனைவி ருக்மணி. முக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி ஆபீசில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். ஸ்கூட்டரும் வாங்கியாயிற்று. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது அந்த வேலைக்குத்தான். போகாதே என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. போய் வா என்று சொல்லவும் தைரியம் இல்லை. பாவம், சோறு இறங்கவில்லை மனிதருக்கு.

ஜனவரி மாதமே சங்கத்தார் சாலை ஆபீசுக்குப் போய்ப் பொறியாளரைப் பார்த்தார்கள். முதலில் எல்லோரும் படிக்கிற மாதிரி ஒரு போர்டு வையுங்கள் என்றார் அவர். சங்கத் தலைவர் நாச்சிமுத்து மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் முழுசாகச் செய்கிறவர். சாலையில் கவனிக்க வேண்டிய எல்லாவற்றையும் நாற்பத்திரண்டு வரியில் எழுதி முக்கில் நட்டார். முதல் வாரத்தில் பதினோரு பேர் அதைப் படித்துக்கொண்டே வந்து போர்டுக் கம்பத்தில் மோதினார்கள். பன்னிரண்டாவது ஆள் பொறுப்பானவர், வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தார். பின்னால் படித்துக்கொண்டு வந்தவர் அவர் மேல் மோதினார். பிறகு, முன்னால் ஒரு போர்டு இருக்கிறது என்று எச்சரிக்க இன்னொரு போர்டு வைத்தார்கள். அதில் பதினைந்து வரிதான்.

மறுபடியும் பொறியாளரிடம் போய், சிக்னல்தான் வேண்டும் என்றார்கள். அவர் ஒரு ஃபைலைப் புரட்டினார். களைத்துப்போன மனிதர்.

"சிக்னல் கேக்கறதுன்னா அந்த இடத்துல மூணு விபத்தாவது பதிவாயிருக்கணும். உங்க முக்குல ஒண்ணுகூட யாரும் எழுதிக் குடுக்கலையே. மூணு பதிவாகட்டும், பாக்கலாம்."

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. மூன்றுதானே, ஏப்ரலுக்குள் மூன்றையும் முறைப்படி நடத்தி முடித்துவிடலாம் என்றார் நாச்சிமுத்து. எல்லோரும் கை தூக்கினார்கள். வெள்ளிங்கிரி மட்டும் எழுந்து நின்றார். அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர், சாலை விஷயத்தில் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு.

"தலைவருங்க, நம்ம முக்குல விபத்து நடத்தறது ரொம்ப ஆபத்துங்க. யாருக்காச்சும் அடிபட்டுப்போச்சுன்னா?"

இவ்வளவு பெரிய விஷயம் தங்களுக்குத் தோன்றாமல் போனதே என்று நாச்சிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். விபத்துகளைப் பாதுகாப்பான இடத்தில் மட்டுமே நடத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

பாதுகாப்பான இடமும் பக்கத்திலேயே இருந்தது. மயூரா கார்டனின் பின்பக்கத்து மண்ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போனால் பொன்மணி நகர் முக்கு. பெயர்தான் நகர், மனை போட்டு விட்டிருக்கிறார்களே தவிர வீடு வரவில்லை. நான்கு ரோடும் சந்திக்கிற நட்டநடுவில் இரண்டு நாய்கள் வருஷக்கணக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. இதைவிடப் பத்திரமான இடம் ஜில்லாவிலேயே கிடையாது.

முதல் விபத்துக்குச் சென்னியப்பன் தானே முன்வந்தார். ருக்மணிக்காகத்தானே இத்தனையும். அவள் தன் கையாலேயே அவருக்கு முன்னால் ஒரு மெத்தையும் பின்னால் ஒரு மெத்தையும் வைத்துக் கட்டி, ஹெல்மெட் மாட்டி அனுப்பினாள். இடிப்பதற்கு வெள்ளிங்கிரியின் டிரைவிங் ஸ்கூல் கார் வந்தது. அதில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. வெள்ளிங்கிரி ஓட்டினார், நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்தார். சென்னியப்பன் மேல் இருந்த பாசத்தில் இருவரும் ஆளுக்கொரு பிரேக்கை மிதித்தார்கள். நாற்பது முறை வந்தும் நாற்பது முறையும் கார் இரண்டு முழம் தள்ளியே நின்றது. கடைசியில் சென்னியப்பனே பொறுமையிழந்து ஓடிவந்து காரை இடித்தார். மெத்தை அவரைத் திருப்பி எறிந்தது. அவர் போய் நாயின் மேல் விழுந்தார். நாய் எழுந்து வெள்ளிங்கிரியைக் கடித்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"இது விபத்தே இல்லீங்க. வேணும்னு பண்ணிருக்கறீங்க. விபத்துன்னா தெரியாம நடக்கோணும்."

மறுபடியும் கூட்டம். அடுத்த விபத்து யாருக்காவது தெரியாமல் நடக்க வேண்டும். ஆனால் இப்போது கூட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் வரவில்லை என்று பார்த்தார்கள். எழுபத்தாறாம் நம்பர் வீட்டு மயில்சாமி மட்டும் மாமனார் ஊருக்குப் போயிருந்தார். அப்படியானால் மயில்சாமிக்கு நடத்துவது என்று முடிவாயிற்று. உறுப்பினரைப் பற்றிய தீர்மானத்தை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. விதியை மீறும் ஆள் நாச்சிமுத்து இல்லை. அன்றே கடிதம் போனது: "வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொன்மணி நகர் முக்கில் தங்களுக்குத் தெரியாமல் தங்களுக்கு ஒரு விபத்து நடைபெறும். தவறாமல் வரவும்."

மயில்சாமி பொறுப்பான மனிதர். பத்து நிமிஷம் முன்னாலேயே மொபெட்டில் வந்துவிட்டார். தெரியக் கூடாது என்பதற்காகக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்தார். நேராகச் சங்க நிர்வாகிகள் நின்ற இடத்தில் புகுந்து, டீ கேனையும் தலைவரையும் சேர்த்துச் சாய்த்தார். அன்று விபத்தைப் பார்க்க மயூரா கார்டனே வண்டியெடுத்துக்கொண்டு வந்திருந்தது. அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் வீட்டுக்குத் திரும்பியதில் அதே முக்கில் இன்னும் இரண்டு மோதல்கள் தானாகவே நடந்துவிட்டன. ஒரு கால் கட்டைவிரல், ஒரு மட்கார்டு, அவ்வளவுதான் சேதம். மூன்றும் சத்தியமாகத் தெரியாமல் நடந்தவை என்று ஏட்டு பதிவு செய்தார்.

மே மாதக் கடைசியில் சிக்னல் வந்தது. மூன்று விபத்து எங்கே பதிவானதோ அங்கேதான் வைத்தார்கள், பொன்மணி நகர் முக்கில். சங்கமே திரண்டு போய்க் கை தட்டியது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மாறி மாறி எரிவதைப் பார்த்துச் சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் ருக்மணி கேட்டாள்.

"ஏனுங்க, சிக்னலு அங்க இருக்குது. நாளைக்கு நான் போறது இங்கயாச்சுங்களே?"

சென்னியப்பன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு நாச்சிமுத்து வீட்டுக்கு ஓடினார். உடனே சங்கம் கூடியது. கடைசியில் நாச்சிமுத்துதான் ஒரு வழி சொன்னார்.

"சிக்னலு என்ன பண்ணுதுங்க? பச்சை குடுக்குது. பச்சை வாங்குனவங்க போலாம். அதை எங்க வாங்குனா என்னங்க?"

அந்த அறிவைக் கண்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஜூன் முதல் தேதி ருக்மணி ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். பொன்மணி நகர் போய், நாய்களைத் தவிர யாருமே இல்லாத முக்கில் சிவப்புக்கு நின்றாள். பச்சை விழுந்ததும், அங்கே தாண்டினால் செலவாகிவிடும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நாலு ரோடு முக்கை எந்தப் பக்கமும் பார்க்காமல் கடந்தாள். பச்சை இருக்கும்போது எதற்குப் பார்ப்பது? இப்போது மயூரா கார்டன் மொத்தமும் அப்படித்தான் போகிறது. மோதல் குறையவில்லை. விழுந்தவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, யாருடைய பச்சை பழசு என்று பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

ருக்மணிக்கு அடியேதும் படவில்லை. ஆனால் சாயங்காலம் திரும்பி வரவும் ஒரு பச்சை வேண்டுமே. அதற்குச் சென்னியப்பன் தினமும் நான்கு மணிக்குச் சைக்கிளில் பொன்மணி நகர் போய் மூன்று பச்சைக்குக் காத்திருப்பார். தான் முக்கைத் தாண்ட ஒன்று, தான் திரும்ப ஒன்று, ருக்மணிக்கு ஒன்று.

முந்தாநாள் இரண்டாவது பச்சை விழுந்த கையோடு கரண்ட் போய்விட்டது. இருந்த இரண்டோடு போனார். ஒன்றில் தான் தாண்டினார். மிச்சமிருந்த ஒன்றை ருக்மணிக்குக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

பொன்மணி நகரில் இன்னும் கரண்ட் வரவில்லை. ருக்மணி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, முக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அவருக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் அந்தப் பக்கம் இரண்டு பேருக்குப் போதுமான மாதிரி ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.