ஆறு உறுமல்

அந்தக் காலத்தில், மிருகங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, காட்டில் பெயருக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்தது. யானையும் மானும் முந்திக்கொண்டு நல்ல பெயர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டன. பிள்ளைகளுக்கு வைக்கப் பன்றிகளுக்குக் கிடைத்தது ‘குட்டி’ ஒன்றுதான். வளர்ந்தபின் குணத்துக்குத் தக்க ஒரு பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அதுவரை குட்டி. அதிலும் ஒரு வில்லங்கம். ஒரு தாயின் பிள்ளைகளில் ஒரு பெயர் ஒரு சமயத்தில் ஒருவரிடம்தான் தங்கும். அடுத்தவருக்கு வைத்த உடனே முன்னவரை விட்டுப் போய்விடும். பெயர் இருந்தால் காது விறைத்து நிற்கும், போனால் தொங்கிவிடும். அப்போதெல்லாம் பன்றிக்கு ஒற்றைப் பிள்ளைதான் பிறக்கும் என்பதால் யாரும் இதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

கிளறி என்ற பன்றிக்குத்தான் முதன்முதலாக ஆறு குட்டிகள் பிறந்தன. ஆறும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. சும்மாவே ஓரிடத்தில் நிற்க மாட்டாதவள் அவள். இப்போது கேட்கவா வேண்டும்?

மூன்றாம் நாள் காலை செந்நாய் வந்து புதர் ஓரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

“ஏம்மா கிளறி, பேர் இல்லாத பிள்ளை காட்டுக்குப் பொதுன்னு உனக்குத் தெரியும்ல? உச்சிப்பொழுது வரைக்கும் இருக்கேன். காது தொங்குறதெல்லாம் எனக்கு.”

“கொஞ்சம் பொறுங்கண்ணே, வச்சிடுறேன்” என்றாள் கிளறி.

குட்டிகளை வட்டமாக நிறுத்திச் சுற்றி வந்தாள். முதல் குட்டியை மூக்கால் தொட்டு “குட்டி” என்றாள். காது நின்றது. இரண்டாவதைத் தொட்டு “குட்டி” என்றாள். இதன் காது நிற்க, அதன் காது தொங்கியது. ஆறையும் தொட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் கடைசிக் குட்டிக்கு மட்டும்தான் பெயர். வேகம் போதவில்லை என்று நினைத்தாள், பாவம். இன்னும் வேகமாக ஓடினாள். மறுபடியும் கடைசி ஒன்றுதான். எங்கே தொடங்கினாலும் முடிகிற இடத்தில் ஒரு குட்டியின் காதுதான் நின்றது. தரையில் பள்ளம் விழும்வரை ஓடினாள்.

“ஓடு ஓடு, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?” என்றது செந்நாய். நிழல் காலடிக்கு வந்துகொண்டிருந்தது.

அடுத்த சுற்றில் மூச்சு வாங்கிற்று. முதல் குட்டியிடம் “குட்டி” என்றவளுக்குக் கூடவே ஓர் “உர்” வந்துவிட்டது. இரண்டாவதிடம் “குட்டி, உர் உர்” என்றாள். முதல் குட்டியின் காது தொங்கவில்லை. கிளறி அப்படியே நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் நின்றது அதுதான் முதல் தடவை. பிறகு மூன்றாவதிடம் போய், நிதானமாக, “குட்டி” என்று சொல்லி மூன்று முறை உறுமினாள். நான்காவதிடம் நான்கு. ஆறாவதற்கு ஆறு உறுமல் முடிந்தபோது பன்னிரண்டு காதுகளும் நின்றன.

செந்நாய் லேசில் விடவில்லை. குட்டிகளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. “இதுல நாலாவது எதும்மா? உனக்கே தெரியாத பேர் என்ன பேரு?”

கிளறிக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஓடிய களைப்பில் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். விழுந்தவள் தன் மடியைப் பார்த்தாள், வரிசையாகக் காம்புகள்.

“அவுகவுக எண்ணிக்கைக்கு வாங்க, கண்ணுகளா” என்று உறுமத் தொடங்கினாள். ஓர் உறுமலுக்கு உரியது முதல் காம்புக்கு ஓடியது, இரண்டுக்கு உரியது அடுத்ததற்கு. நாலாவது காம்பில் ஒன்று வாய்வைத்ததும், “அதுதாண்ணே நாலாவது” என்றாள்.

செந்நாய் எழுந்து உடம்பை உதறியது. “இன்னைக்குச் சரி. எந்த வேளை வந்து கேட்டாலும் இதே மாதிரி சொல்லணும். ஒரு வேளை தப்பினாலும் விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனது. எப்போது வரும் என்று சொல்லவில்லை.

அன்று முதல்தான் பன்றிக்குட்டி தனக்கென்று பிடித்த காம்பை விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுகிறது. தாய்ப்பன்றியும் ஒரு வேளைகூடச் சும்மா படுத்துப் பால் கொடுப்பதில்லை, உறுமி உறுமி எண்ணிக்கொண்டேதான் கொடுக்கிறது.